2,300 கி.மீ. தள்ளி நேஷனல்ஸ்: குதிரையை லாரியில் ஏற்றலாமா?

சென்னையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், கிளப், குதிரையின் பெயர் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரங்களைச் சற்று மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறாள். குதிரை குடும்பத்துக்குச் சொந்தமானது. முன்பு ரேஸில் ஓடிய, 9 வயது, காயடித்த ஆண் தரோபிரெட். கிளப் லாயத்தில் நிற்கிறது. டிசம்பர் கடைசி வாரம் டெல்லியில் நடக்கவுள்ள ஜூனியர் நேஷனல்ஸில், ஈவென்டிங் (டிரெசாஜ் எனும் நடைப்பயிற்சித் தேர்வு, கிராஸ் கன்ட்ரி எனும் திறந்தவெளித் தடை ஓட்டம், ஷோ ஜம்பிங் எனும் அரங்கத் தடைதாண்டல் மூன்றும் சேர்ந்த போட்டி) ஒரு நட்சத்திர நிலையில் ஓட மகள் தேர்வாகியிருக்கிறாள். இதற்கு முன் பெங்களூரில் இரண்டு போட்டி. முதல் போட்டியில் டிரெசாஜ் 61 சதவீதம், 2,400 மீட்டர் கிராஸ் கன்ட்ரியில் தடைகளில் பிழையே இல்லை, 54 விநாடி தாமதம், ஷோ ஜம்பிங்கில் இரண்டு கட்டை விழுந்தது. இரண்டாவதில் தண்ணீர்த் தடையில் குதிரை இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை போனது.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு கேலப்புக்கு (முழுவேக ஓட்டம்) பிறகு இடது முன்காலின் பின்புறம் வீங்கியிருக்கிறது. ஐந்து நாள் பியூட் (வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்து) பேஸ்ட், காலையும் மாலையும் பச்சைத்தண்ணீர் ஒத்தடம், இரண்டு வாரம் ஓய்வு. வீக்கம் வடிந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இதுபோக, மழை தொடங்கியதிலிருந்து டிராட் எனும் மெதுவோட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை இருமுகிறதாம். பயிற்சியாளர் நான்கு குதிரைகளுக்கு ஒரு லாரி பேசிவிட்டார். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டி மூன்று நாளில் டெல்லி. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் இறக்குவது. "ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் போதும், ஒன்றும் ஆகாது" என்பது அவர் வாக்கு. "இவ்வளவு செலவு பண்ணிக் கடைசி இடம் வந்தால்?" என்கிறார் கணவர். "இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் பிளஸ் டூ, அவ்வளவுதான்" என்கிறாள் மகள். பெயர் கொடுக்க இன்னும் பத்து நாள். "நாங்கள் விலகினால் மற்ற மூன்று குடும்பங்களுக்கும் லாரி வாடகை ஏறும். அந்தக் குற்ற உணர்ச்சி வேறு. போகலாமா, வேண்டாமா டாக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் பெரும்பகுதி போட்டியைப் பற்றியது. என் கவலை பயணத்தைப் பற்றியது. இந்த நிலையில் கிராஸ் கன்ட்ரியின் வேகம் நிமிடத்துக்கு 500 மீட்டர். டெல்லியிலும் 2,400 மீட்டர் வைத்தால் உரிய நேரம் 4 நிமிடம் 48 விநாடி. அதற்காக உங்கள் குதிரை போக 2,300, வர 2,300 கிலோமீட்டர் லாரியில் நிற்கப்போகிறது. லாரியில் நிற்பது குதிரைக்கு ஓய்வு அல்ல. ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் நான்கு கால்களையும் ஊன்றிச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் நடந்த அளவுக்குத் தசைகள் உழைக்கும். ஆகவே டெல்லித் தடைகளைத் தாண்ட முடியுமா என்பதற்கு முன்னால், இந்தக் காலும் இந்த நுரையீரலும் அந்தச் சாலையைத் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னால், இந்த டிசம்பருக்கு என் சாய்வு 'வேண்டாம்' பக்கம்தான். ஆனால் அது முடிவல்ல. இரண்டு பரிசோதனைகள் அதை மாற்றக்கூடும். இரண்டையும் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே முடித்துவிடலாம்.

வீக்கம் வடிந்தது, ஆறியதற்குச் சான்று அல்ல

முன்காலின் பின்புறம், முழங்காலுக்கும் ஃபெட்லாக்குக்கும் (குளம்புக்கு மேலுள்ள மூட்டு) நடுவே, கேலப்புக்குப் பிறகு வீக்கம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேல்புறத் தசைநாணை, அதாவது டெண்டனை. ரேஸ் ஓடிய குதிரைகளில் அடிக்கடி போவது அதுதான். பியூட் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். அறுந்த இழையை ஒட்டாது. வலி போனதும் குதிரை நொண்டாமல் ஓடும். டெண்டன் காயத்தில் ஏமாற்றுவதே இந்தக் கட்டம். நடுவில் ஓட்டை விழுந்த டெண்டனோடு குதிரை மூன்றாவது வாரமே துள்ளும். அந்த இடம் ஓரளவு நம்பத்தக்க வலுவைப் பெற 9 முதல் 12 மாதம் ஆகும். இடையில் வேகமாக ஓட்டினால் சின்னக் காயம் பெரிதாகும். சில சமயம் குதிரையின் விளையாட்டு வாழ்க்கையே அத்தோடு முடிந்துவிடும்.

எனவே இந்த வாரமே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கையால் தடவிப் பார்த்து "சரியாயிருக்கு" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், போதாது. காலின் பின்புற முடியை மழித்து, ஜெல் போட்டு, முழங்காலுக்குக் கீழிருந்து ஃபெட்லாக் வரை குறுக்காகவும் நெடுக்காகவும் படம் எடுக்க வேண்டும். வலது காலையும் அதே உயரங்களில் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வெளியே தெரியாத தடிப்பு, ஒப்பிடும்போதுதான் பிடிபடும். ரேஸ்கோர்ஸ் குதிரைகளைப் பார்க்கும் மருத்துவரோ, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இதற்குச் சரியான இடம். அடிபட்டு ஐந்து வாரம் ஆகிவிட்டதால், இழைகளில் சேதம் இருந்தால் இப்போது படத்தில் தெரியும்.

ஸ்கேன் நாள் வரை கேலப் வேண்டாம், தாண்டுதலும் வேண்டாம். தினமும் காலையில் லாயத்திலிருந்து வெளியே எடுக்கும் முன் இரண்டு முன்கால்களையும் புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். காலைத் தூக்கிப் பிடித்து, டெண்டனை விரல்களுக்கு நடுவே மெல்ல அழுத்துங்கள். ஒரே இடத்தில் மூன்று முறை காலை இழுத்தால் அது வெறும் கூச்சம் அல்ல.

இழையில் சேதம் தெரிந்தால் இந்தப் பதிலில் அதற்குக் கீழே இருப்பதை நீங்கள் படிக்கவே வேண்டாம். டெல்லி இல்லை. மாற்று யோசனையும் வேண்டாம்.

அந்த இரண்டு இருமலை ஏன் சின்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது

வேலையின் தொடக்கத்தில் இரண்டு முறை இருமினால் "தொண்டையைச் சரிசெய்துகொள்கிறது" என்று விட்டுவிடுவது லாயங்களில் வழக்கம். பெரும்பாலும் அது கீழ்ச் சுவாசக் குழாயில் சளி இருப்பதன் அடையாளம். மழைக்காலத்தில் வைக்கோலும் காய்ந்த புல்லும் பூசணம் பிடிக்கும்; அந்தத் தூசியால் வரும் லேசான ஆஸ்துமாவாக இருக்கலாம், முடியாத தொற்றாகவும் இருக்கலாம். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கழுவி எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பினால் எது என்று தெரிந்துவிடும்.

வீட்டில் இது சின்ன விஷயம்தான். லாரியில் அப்படி இல்லை. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயிலிருந்து சளியையும் கிருமியையும் வடிக்கும். மேயும்போது நாள் முழுக்க அதற்குத் தலை கீழேதான் இருக்கிறது. லாரியில் தலையைக் குட்டையாகக் கட்டிவிட்டால் அந்த வடிகால் அடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே கீழ்ச் சுவாசப் பாதையில் பாக்டீரியா பெருகத் தொடங்கும். அதோடு தூசி, மூத்திரத்தின் அம்மோனியா, தண்ணீர்க் குறைவு, மன அழுத்தம் எல்லாம் சேர்ந்தால் வருவதுதான் பயணக் காய்ச்சல்: நுரையீரலும் அதைச் சுற்றிய உறையும் அழலும் நிமோனியா. இறங்கிய அன்று பார்க்க நன்றாக இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் தீனியை விடும், காய்ச்சல் ஏறும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே சளி உள்ள குதிரையை 50 மணி நேரம் தலை தூக்கி நிறுத்தி, டிசம்பர் மாத டெல்லிக் காற்றில் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மாதத்தில் அங்கே பனிமூட்டத்தோடு புகையும் தரையை ஒட்டி நிற்கும். மனிதர்கள் வாக்கிங்கை நிறுத்தும் நாட்களில், குதிரையை நிமிடத்துக்கு 500 மீட்டரில் மூச்சு வாங்கச் சொல்கிறோம்.

பயிற்சியாளர் சொன்ன ஆன்டிபயாடிக் ஊசிக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்; நாடெங்கும் புழங்கும் வழக்கம் அது. ஆனால் ஒரு ஊசி மூன்று நாள் பயணத்தை மூடிக் காக்காது. குடலின் நல்ல கிருமிகளைக் கலைத்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். முதல் காய்ச்சலை மறைத்து நோயைத் தாமதமாகக் காட்டலாம். புரோகெய்ன் கலந்த பென்சிலின் என்றால் ஊக்கமருந்துச் சோதனையிலும் மாட்டும். தண்ணீரைக் குறைப்பது இன்னும் தவறு. சாணம் இறுகி வயிற்றுவலி, அதாவது கோலிக், வர அதுவே நேர்வழி. மயக்க ஊசியும் வேண்டாம்; பிரேக் போடும்போது விழுந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு குதிரைகள் ஒரே லாரியில் ஒரே காற்றைத்தான் மூச்சு விடுகின்றன. உங்கள் குதிரையின் இருமல் தொற்று என்றால் மற்ற மூன்றுக்கும் அது போகும். நீங்கள் விலகினால் அந்தக் குடும்பங்களுக்கு வாடகை கொஞ்சம் ஏறும், உண்மைதான். இருமலை மறைத்து ஏற்றினால் அவர்கள் இழக்கக்கூடியது அதைவிடப் பெரியது. எனவே போனாலும் சரி, விலகினாலும் சரி, இருமலைப் பற்றிப் பயிற்சியாளரிடமும் மற்ற மூவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். அதன்பின் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

தேர்வானதும் தயாரானதும் ஒன்றல்ல

மாநில அணியில் பெயர் வந்துவிட்டதால் தகுதி முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டுப் போட்டிக்கு இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு வெளியிடும் சுற்றறிக்கையில் உள்ள தகுதி விதியை எழுத்தில் பாருங்கள். அதோடு, சர்வதேசப் போட்டிகளில் ஒரு நிலையைத் தாண்ட உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. வைத்திருக்கும் அளவுகோலையும் உரசிப் பார்க்கும் கல்லாக வைத்துக்கொள்ளலாம்: டிரெசாஜில் 45 தண்டப்புள்ளிக்கு மிகாமல், கிராஸ் கன்ட்ரி தடைகளில் மறுப்பே இல்லாமல், நேரத்தில் குறுகிய வகைப் போட்டிக்கு 75 விநாடிக்கு மேல் தாமதிக்காமல், ஷோ ஜம்பிங்கில் 16-க்கு மிகாமல்.

உங்கள் மகளின் முதல் போட்டி இதில் தேறுகிறது. டிரெசாஜ் 39 (100-இல் 61 போக மீதி), நேரத்துக்கு விநாடிக்கு 0.4 வீதம் 21.6, ஷோ ஜம்பிங்கில் கட்டைக்கு 4 வீதம் 8, மொத்தம் 68.6. இரண்டாவது தேறாது. ஒரே தடையில் முதல் மறுப்புக்கு 20, இரண்டாவதற்கு 40 என்று அங்கேயே 60 போய்விட்டது. மூன்றாவது முறையும் மறுத்திருந்தால் நீக்கம். ஆக இந்த நிலையில் இந்த ஜோடிக்கு ஒரே ஒரு நல்ல ஓட்டம்தான் கையில் இருக்கிறது.

அந்த 54 விநாடியை ஆராய்ந்தால் இன்னொன்று தெரியும். 288 விநாடியில் முடிக்க வேண்டியதை 342 விநாடியில் முடித்திருக்கிறாள். சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 420 மீட்டர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 16 வயதில் நிதானமாக, சுத்தமாக ஓட்டியிருக்கிறாள், பாராட்ட வேண்டும். ஆனால் இந்தக் குதிரை 1.05 மீட்டர் நிலையான தடைகளை 500 மீட்டர் வேகத்தில் இதுவரை எங்கும் தாண்டியதில்லை. அதைப் பழகாத தரையில், பழகாத குளிரில், அண்மையில் வீங்கிய காலோடு முதல் தடவையாகச் செய்து பார்க்கும் இடம் நேஷனல்ஸ் அல்ல. போவது என்று முடிவானால் கடிகாரத்தைப் பார்த்து ஓட்டக் கூடாது என்று பயிற்சியாளரும் மகளும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். 420 மீட்டரில் சுத்தமாக வந்தால் போதும்.

கடைசி இடம் பற்றிய உங்கள் கணவரின் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஈவென்டிங்கில் மூன்று கட்டத்தையும் முடித்துத் திரும்புவதே ஒரு மதிப்பெண். பதக்கத்தை நினைத்து இந்த முறை செலவு செய்யாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்பதும் மனதில் இருந்தால், அந்த ஆண்டின் வழிகாட்டிக் குறிப்பேட்டில் குதிரையேற்றம் இருக்கிறதா, பங்கேற்புச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

படிப்பைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். மகள் ஒரு மாதம் பள்ளியை விட வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள்; தேவையில்லை. குதிரை சைஸோடு (குதிரையைப் பராமரிப்பவர்) முன்னால் போகும். அவள் விமானத்திலோ ரயிலிலோ போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும். மொத்தம் பத்து நாள். அதிலும் பாதி அரையாண்டு விடுமுறையிலேயே கழியும்.

ஸ்கேனும் ஸ்கோப்பும் சுத்தம் என்றால்: பயணத் திட்டம்

மூன்று நாள் ஒரே ஓட்டம் என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். குதிரை ஏற்றிய லாரி சராசரியாக மணிக்கு 45 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அந்தக் கணக்கில் சக்கரம் உருளும் நேரமே 50 மணியைத் தாண்டும். இப்படிப் பிரிக்கலாம் (தூரங்கள் தோராயமானவை): சென்னையிலிருந்து விஜயவாடா 450, அங்கிருந்து ஹைதராபாத் 275, நாக்பூர் 500, சாகர் 420, குவாலியர் 310, டெல்லி 330. ஹைதராபாத்திலும் நாக்பூரிலும் முழுநாள் ஓய்வு. எட்டு நாள் ஆகும். போட்டிக்கு ஏழு நாள் முன்னால் சேர வேண்டும். இரண்டு நாள் முன்னால் இறக்கினால், பயணக் காய்ச்சல் தலைகாட்டும் நாளும் கிராஸ் கன்ட்ரி நாளும் ஒன்றாகிவிடும்.

இரவு தங்கும் இடங்களை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யுங்கள். உள்ளூர் குதிரைகளோடு மூக்கு உரசக் கூடாது. பொதுத் தொட்டியில் தண்ணீர் குடிக்கக் கூடாது. வாளி, தூரிகை, சேணத் துணி எதையும் கடன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. கல்யாண ஊர்வலக் குதிரைகளும் வண்டிக் குதிரைகளும் நிற்கும் இடத்தில் இரவு தங்க வேண்டாம்.

லாரிக்குள் தலைக்கயிறு, கழுத்தைத் தோளுக்குக் கீழே இறக்கும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். நான்கு அல்லது ஐந்து மணிக்கு ஒருமுறை நிறுத்தி, அரைமணி நேரமாவது தலையைத் தரையளவுக்குத் தாழ்த்தி நனைத்த புல்லைத் தின்னவிட்டுத் தண்ணீர் காட்டுங்கள். ஈரமான மரத்தூளையும் சாணத்தையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அள்ளிவிட வேண்டும். நாக்பூரைத் தாண்டியதும் குளிர் தெரியும். சைஸ் முதலில் செய்வது தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதுதான். அதைத் தடுங்கள். குதிரைக்குப் போர்வை போடலாம், லாரியை மூடக் கூடாது. பல நாள் பயணத்துக்குக் காலில் கட்டு சுற்றுவதையும் நான் விரும்புவதில்லை. உள்ளே வேர்க்கும், நழுவி அழுத்தும். உங்கள் குதிரைக்கு அந்த இடது காலைத் தினமும் வெறும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

450 கிலோ குதிரைக்கு நாளைக்குக் குறைந்தது 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். புது ஊர்த் தண்ணீரை நிறையக் குதிரைகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வாளியில் ஒரு துண்டு வெல்லம் கரைத்துப் பழக்குங்கள். வழியில் எந்த ஊர்த் தண்ணீரும் அதே ருசியாகிவிடும். தீனியில் தினமும் 30 கிராம் உப்பு. ஓட்ஸ், கொள்ளு, தவிடு எல்லாவற்றையும் கிளம்பும் முந்தின நாளே பாதியாகக் குறைத்துவிட்டுப் புல்லைக் கூட்டுங்கள். நாளைக்கு 8, 9 கிலோ உலர்ந்த புல் கணக்கில், பயணத்துக்கும் டெல்லியில் முதல் வாரத்துக்கும் வீட்டுப் புல்லையே கொண்டுபோக வேண்டும். டெல்லி லாயங்களில் குளிர்காலத்தில் பசும்தீவனம் என்றால் பெர்சீம்தான். குதிரை மசால் போல, ஆனால் நீர்ச்சத்து அதிகம். பழகாத குதிரை அதை வயிறாரத் தின்றால் வாயு கட்டிக் கோலிக் வரும். முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு மெல்லக் கூட்டுவது. அல்லது தொடவே வேண்டாம்.

ஒரு பழைய நோட்டை சைஸிடம் கொடுத்து, காலையும் மாலையும் வெப்பமானி வைத்து எழுதச் சொல்லுங்கள். பயணம் முழுக்கவும், இறங்கிய பின் ஐந்து நாளும். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 38.5-ஐத் தாண்டினாலோ, நிற்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல் போனாலோ, சாணம் குறைந்தாலோ மருத்துவரை அழைக்க வேண்டும். பியூட் கொடுத்து இறக்கக் கூடாது. இறங்கிய முதல் இரண்டு நாள் கையில் பிடித்து நடை மட்டும். மூன்றாம் நாள் லேசான டிராட், வெப்பம் சரியாக இருந்தால் நான்காம் நாள் கேன்டர் எனும் மிதவேக ஓட்டம். கிராஸ் கன்ட்ரிக்கு முந்தைய நான்கு நாளில் வேகவேலை எதுவும் இல்லை.

லாரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காற்று மாசு கடுமையாகும்போது டெல்லிக்குள் லாரிகளை நிறுத்திவிடுவார்கள். டீசல் லாரிகளில் பி.எஸ். 6 வகைக்கு விலக்கு உண்டு. வாடகை பேசும்போது ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பார்த்துவிடுங்கள். பழைய லாரி என்றால் எல்லையில் குதிரையோடு நிற்க நேரிடும். குவாலியருக்கு வடக்கே அதிகாலைப் பனிமூட்டத்தில் ஓட்ட வேண்டாம். காலை பத்துக்குப் பிறகு கிளம்பட்டும்.

காகிதங்கள், முக்கியமாகத் திரும்பி வருவதற்கானவை

'ஃபிட்' என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி அது கட்டாயம்தான். ஆனால் அது ஆரம்பம் மட்டுமே. குதிரையின் பாஸ்போர்ட்டில் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசிப் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். எஃப்.இ.ஐ. விதிப்படி கடைசி பூஸ்டர், போட்டிக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய 6 மாதம் 21 நாளுக்குள் இருக்க வேண்டும். வருவதற்கு முந்தைய 7 நாளில் ஊசி போடக் கூடாது. கிளாண்டர்ஸ், தொற்று ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு கேட்பார்கள். எத்தனை நாளுக்குள் எடுத்த முடிவு செல்லும் என்பதைச் சுற்றறிக்கையில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ரத்தம் எடுங்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் போன்ற இடத்துக்கு மாதிரி போய் முடிவு வர நாளாகும்.

கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் சிகிச்சை கிடையாது. குதிரையைக் கருணைக்கொலை செய்வதே சட்டம். அந்த வட்டாரத்தில் குதிரை நடமாட்டத்தையும் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் நான் வாசகர்களிடம் திரும்பும் வழியைப் பற்றி அதிகம் கேட்கிறேன். உங்கள் குதிரைக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும், போட்டி நடக்கும் இடத்துக்கு அருகில் ஒரு வண்டிக் குதிரைக்கு நோய் உறுதியானால் உங்கள் லாரி வாரக்கணக்கில் கிளம்ப முடியாது. அப்போது லாய வாடகை யார் தருவது, சைஸ் எங்கே தங்குவது, புல் எங்கிருந்து வரும்? நான்கு குடும்பங்களும் இதற்கு ஒரு பொதுத் தொகையை ஒதுக்கி, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

மருந்து விஷயத்தில் குதிரைக்குள் என்ன இருந்தாலும் பழி குதிரையின் தரப்பில்தான் விழும். ஐந்து வாரத்துக்கு முன் கொடுத்த பியூட் இப்போது பிரச்சினை அல்ல. அதைக் கண்டறியும் காலமாக எஃப்.இ.ஐ. சொல்வது 7 நாள். மாட்டிவிடுபவை வேறு. வலித் தைலத்தில் இருக்கும் மிளகாய்ச் சத்தான கேப்சைசின், 2008 ஒலிம்பிக்கின்போது ஹாங்காங்கில் நான்கு குதிரைகளில் பிடிபட்டது. நார்வே அணி அதனால் வெண்கலத்தை இழந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மூலிகை மூட்டுப் பொடிகளைக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே நிறுத்துங்கள். சைஸ் தான் குடித்த டீயின் மிச்சத்தைக் குதிரைக்கு நீட்டுவதும் இதில் சேரும். டீயில் உள்ள காஃபீனும் தடைப் பட்டியலில் இருக்கும் பொருள்தான்.

போகாவிட்டால்

"ஃபவாத் மிர்ஸாவும் பெங்களூரில்தான் தொடங்கினார், வாய்ப்பை விடாதீர்கள்" என்று பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். இந்திய ஈவென்டிங் வீரரான அவர் 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வாங்கியது செய்னர் மெடிகாட் என்ற குதிரையில். மூன்றாண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம் பிடித்ததும் அதே குதிரையில். இந்த விளையாட்டில் ஒரு குதிரையை எத்தனை பருவம் நலமாக வைத்திருக்கிறோம் என்பதுதான் கணக்கு. உங்கள் குதிரைக்கு 9 வயது. கால் தப்பித்தால் இன்னும் ஐந்தாறு நல்ல பருவங்கள் இருக்கின்றன.

காலும் மூச்சும் சுத்தம், ஆனால் காகிதமோ லாரியோ கூடிவரவில்லை என்றால், 350 கி.மீ. தொலைவில் பெங்களூர் இருக்கிறது. விடிகாலையில் ஏற்றினால் மாலைக்குள் இறக்கிவிடலாம். அடுத்த சில மாதங்களில் அங்கே நடக்கும் போட்டியில் இதே நிலையில் இன்னொரு சுத்தமான ஓட்டம் எடுத்தாலே நேஷனல்ஸுக்கு வலுவான ஜோடியாக அடுத்த முறை போவாள். அதற்கு முன்பே போய் தண்ணீர்த் தடையில் மட்டும் இரண்டு நாள் பழக்குங்கள். முதலில் கணுக்கால் ஆழத்தில் நடை, பிறகு டிராட், கடைசியில் ஒரு சின்னக் கட்டையிலிருந்து தண்ணீருக்குள் இறங்குவது. முன்னால் அனுபவமுள்ள ஒரு குதிரை போனால் பின்னால் வருவது எளிது. பிளஸ் டூ ஆண்டிலும் வார இறுதியில் பெங்களூர் போய்வர முடியும், டெல்லிதான் முடியாது.

பத்து நாளுக்குள் ஸ்கேன் கிடைக்காவிட்டால் பெயரைக் கொடுத்துவிட்டுப் பின்னால் விலகலாமா என்ற கேள்வி வரும். விலகலாம். மருத்துவச் சான்றோடு எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் திரும்பும் என்பதைச் சுற்றறிக்கையில் பார்த்து, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். லாரிக்காரரிடமும் அதே தேதிவரை முன்பணம் மட்டும் கொடுங்கள்.

ஸ்கேன் எடுக்கும் நாளன்று மகளைப் பள்ளிக்கு அரைநாள் விடுப்பு சொல்லி அழைத்துப் போங்கள். மருத்துவர் திரையில் இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். 'வேண்டாம்' என்று நீங்கள் சொன்னால் அது அம்மாவின் பயம் என்று அவளுக்குத் தோன்றும். படத்தில் கரும்புள்ளி தெரிந்தால், லாரியில் ஏற்ற வேண்டாம் என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அவளாகத்தான் இருக்கும்.